தரிசன நாளில் பெரிதாகும் அறை

கோடைக்கானலில் தையல் வேலைக்கு இருந்த காலத்தில் எங்களுக்கு வாய்த்த வீட்டுக்காரர் பெரிய முருக பக்தர். நெற்றி நிறைய விபூதி. வருஷத்தில் இரண்டு மூன்று நாள், விடிந்ததும் வாசலில் வந்து நிற்பார். "இன்னிக்கு வடக்கு மேட்டுல நின்னா பழனி மலை தெரியுமாம். வெள்ளனே கெளம்புங்க. எல்லாருமாப் போய்க் கும்பிட்டுட்டு மத்தியானத்துக்கு மேல வந்தாப் போதும்" என்பார். கற்பூரம்கூட அவர் செலவு. குடியிருப்பவர்களுக்குப் புண்ணியம் சேர வேண்டும் என்று இவ்வளவு பாடுபட்டவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

போவோம். மேட்டில் மஞ்சு மூடிக் கிடக்கும். பத்தடி தள்ளி நிற்கும் மரமே தெரியாது. பழனி இந்தத் திசைதான் என்று யாராவது கையைக் காட்ட, ஏழு பேரும் அந்த வெள்ளையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். மஞ்சுக்குப் பின்னால் முருகன் இருக்கத்தானே செய்கிறான் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

ஏழு பேர் என்றேனே, அந்த ஏழு பேருக்கும் வீடு ஒன்றுதான். கடைத்தெருவுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரே கூடம். அதைச் சாக்குத் திரை தொங்கவிட்டு மூன்றாகப் பிரித்து, மூன்றுக்கும் ‘ரூம்’ என்று பேர் வைத்திருந்தார். முதல் ரூமில் நானும் மனைவியும். நடுவில் பங்களாக்களில் சமைக்கும் இருவர். கடைசியில் சுமை தூக்கும் அண்ணன் தம்பிகள் மூவர். எங்கள் பக்கம் இருந்த ஒரே ஜன்னலைப் பலகை வைத்து ஆணியடித்திருந்தார், குளிர் வராமல் இருக்கவாம். நான் காலை நீட்டினால் சாக்குக்கு அந்தப் பக்கம் சமையல்காரர் தலையில் இடிக்கும்.

மூன்றாவது தரிசனம் முடிந்து இறங்கி வரும்போது, எங்கள் சந்திலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர் அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார். முந்தைய இரண்டு தடவையும் இதே ஆளைச் சந்தில் கண்டிருந்த மனைவி நின்று பார்த்தாள்.

"ஏங்க, இந்த ஆளு வார அன்னிக்கு மட்டும் முருகன் எப்பிடிங்க தெரியுறாரு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்று இன்ஸ்பெக்டர் அளந்து பார்க்க வருகிற நாள்தான் எங்கள் தரிசன நாள். நாங்கள் மேட்டில் நிற்கும் நேரத்தில் சாக்குகள் இறங்கும், பாய்கள் விறகுக் கொட்டகைக்குப் போகும், ஜன்னல் பலகை கழன்றுவிடும். கோடைக்கானல் கடைத்தெருவிலேயே விசாலமான, காற்றோட்டமான அறை எங்களுடையதுதான், நாங்கள் அதில் இல்லாத அரை நாளைக்கு மட்டும். கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு துரைமார் தோளையும் இடுப்பையும் அளந்தவன், நான் படுக்கிற இடத்தை ஒரு நாளும் அளந்ததில்லை. அன்று அளந்தேன். ஏழடிக்கு ஐந்தடி. ஒரு துரையின் மேல்கோட்டுத் துணியை விரித்து வெட்டக்கூட இடம் போதாது. முருகா, உன் பேரைச் சொன்ன அந்தப் பொய்க்கு நானும் மூன்று முறை கற்பூரம் காட்டியிருக்கிறேன்.

சிரித்துவிட்டு இருந்திருப்போம். ஆனால் மனைவிக்கு அப்போது ஆறு மாதம். ஐப்பசிக் குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, கரிக் கணப்புச் சட்டியைச் சுற்றித்தான் எங்கள் பிழைப்பு. ஒரு காலையில் எழுந்து உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். வெளியே தூக்கிவந்து காற்றுப் பட்ட பிறகே கண் திறந்தாள். பலகையை எடுத்துவிடும்படி வீட்டுக்காரரைக் கும்பிட்டுக் கேட்டேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஊதக்காற்று ஆகாது என்று எனக்கே புத்தி சொல்லி, விபூதி பூசி அனுப்பினார்.

எட்டாம் மாதத்தில் மறுபடி தரிசன நாள் வந்தது. மேடு ஏற முடியாது என்றாள். அப்படியானால் விறகுக் கொட்டகையில் போய் இருக்கட்டும் என்றார் வீட்டுக்காரர். சாக்கை அவிழ்த்து, பலகையைக் கழற்றிவிட்டு, இன்ஸ்பெக்டரை எதிர்கொள்ள அவர் சந்து முனைக்குப் போனதும், இவள் கொட்டகையிலிருந்து தன் பாயை எடுத்துவந்து கூடத்தின் நடுவில் விரித்துப் படுத்துவிட்டாள். நானும் மேட்டுக்குப் போகாமல் அவள் தலைமாட்டில் நின்றேன். உள்ளே வந்த இன்ஸ்பெக்டரிடம், ஊரிலிருந்து வந்த சொந்தக்காரப் பெண் என்றார் வீட்டுக்காரர், கொஞ்சமும் கூசாமல்.

"ஐயா, கொட்டாயில இன்னும் ஆறு பாய் கெடக்கு" என்றாள் மனைவி, படுத்தபடியே. "சாக்கையும் பலகையையும் திருப்பி மாட்டச் சொல்லிட்டு அளங்க. எனக்கு மூச்சு முட்டுனது அப்பத்தான்."

இன்ஸ்பெக்டர் கொட்டகையைப் போய்ப் பார்த்தார். ஜன்னலை இனி அடைக்கக் கூடாது என்று சொல்லி, கதவில் தாரால் எழுதவைத்தார்: நாலு பேர். பலகை எங்கள் அடுப்புக்குப் போயிற்று. சுமை தூக்கும் மூவரும் வெளியேற வேண்டியதாயிற்று. அது இன்றும் எனக்கு உறுத்தல்தான். அடுத்த சந்தில் இடம் பிடித்தார்கள். அந்த வீட்டுக்காரரும் நல்ல பக்தர் என்று கேள்வி.

ஜன்னலோரத்தில் மகன் பிறந்தான். ஒரு வாரம் கழித்து வீட்டுக்காரர் கற்கண்டோடு வந்தார். பிள்ளையைப் பார்த்தார், கதவு எழுத்தைப் பார்த்தார்.

"டெய்லரே, இப்ப அஞ்சாயிருச்சே. சட்டம்னா சட்டந்தானே? உம்ம டேப்பைக் கொஞ்சம் குடுமய்யா."

என் டேப்பாலேயே என் பிள்ளை கிடந்த இடத்தை அளந்தார். முருகனுக்கு மட்டுமல்ல, அன்று முதல் சட்டத்துக்கும் பக்தராகிவிட்டார். இன்ஸ்பெக்டரிடமும் போய் முறையிட்டார். மடியில் கிடக்கிற பிள்ளைக்குத் தனி இடம் எதற்கு என்று அவர் கேட்டாராம். அப்படியென்றால் மடியை விட்டு இறங்குகிற அன்றைக்குக் காலி பண்ணிவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் எங்களிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஏழு மாதம் அவள் அவனைத் தரையில் விடவில்லை. துணி துவைக்கும்போதும் முதுகில் கட்டியிருப்பாள். ஒரு நாள் நழுவி இறங்கி, வாசல் வரைக்கும் தவழ்ந்தான். வாசலில் அவர் நின்றிருந்தார்.

மலையிலேயே கொஞ்சம் தள்ளி, அட்டுவம்பட்டிப் பக்கம் ஓர் அறை கிடைத்தது. சின்னதுதான். சாமி படத்தை எங்கே மாட்டலாம் என்று நான் சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பிள்ளையைத் தரையில் இறக்கிவிட்டு, நேரே போய் ஜன்னல் கதவைத் தள்ளினாள். திறந்தது.

"இதுக்குப் பக்கத்துலயே மாட்டுங்க" என்றாள்.