சோற்றுக்காக எழுதிய பெயர்கள்

கடற்குடாவின் அந்தப் பக்கத்தில் சண்டை தொடங்கிய கிழமையே எங்கள் பள்ளிக்கூடம் அகதி முகாமாகிவிட்டது. லிங்கநகரிலிருந்து சைக்கிளில் போய்க் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்த நான், கரும்பலகையை அழிக்கவும் நேரமில்லாமல் முகாம் வேலையில் இறங்கினேன்.

முகாமுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி. எல்லோருக்கும் அவர் சேர். என் அப்பா செத்தபோது மரணச் சான்றிதழுக்காக என்னோடு மூன்று நாள் அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தவர். அவர் சொன்னால் நான் மறுபேச்சுப் பேசுவதில்லை.

முகாமையும் அவர் கந்தோர் போலத்தான் நடத்தினார். ஒரு மேசை, ஒரு வரிசை. பங்கீட்டுக் கூப்பன் அட்டை இல்லாதவர்கள் தங்கள் கிராம அதிகாரியான விதானையாரின் கடிதம் கொண்டுவரவேண்டும். கடிதம் தரவேண்டிய விதானையாரோ ஆறாம் வகுப்பறையில் காய்ச்சலோடு படுத்திருந்தார். மூன்றாம் நாள், பிறந்து ஐந்து நாளான குழந்தையோடு வரிசையில் நின்ற ஒருத்தி வெயிலில் மயங்கி விழுந்தாள். அன்று முதல்முறையாக நான் அவரோடு சத்தம் போட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "அப்ப நீங்களே சொல்லுங்கோ பிள்ளை, என்ன செய்யலாம்?" என்றார்.

வரிசையை நிறுத்தினோம். ஒவ்வொரு வகுப்பறையும் தனக்கொரு பெண்ணைத் தெரிந்தெடுத்தது. காலையில் அவர்கள் சைக்கிள் கொட்டகையில் என்னிடம் வந்து, புதிதாக யார் வந்தார்கள், யாருக்குக் காய்ச்சல் வருத்தம், யாருக்குக் கஞ்சி மட்டும்தான் இறங்கும் என்று சொல்வார்கள். நான் கொப்பியில் எழுதுவேன். சாப்பாடு அறைக்கே போகும். ஒரு கிழமைக்குள் முகாமில் சாப்பாட்டுச் சண்டைகள் ஓய்ந்தன. பெண்கள் தாங்களாகவே மலசலகூடத்துக்கும் முறை வைத்தார்கள். சேர் வந்தவர்களிடமெல்லாம், "எங்கட டீச்சர் ஒரு ராச்சியமே நடத்துவா" என்று சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஏழாம் அறைக்குப் பொறுப்பானவள் இலங்கைத்துறையிலிருந்து வந்தவள். புருசனைக் கடலில் இழந்தவள். ஒருநாள் மற்றவர்கள் போனபிறகும் நின்றாள்.

"டீச்சர், என்ர மூத்தவனையும் எழுதோணுமோ? பத்தொன்பது வயசு. பயமாக் கிடக்கு."

"எழுதாட்டி அவனுக்குப் பங்கு வராதே. இந்தக் கொப்பி சோத்துக்கு மட்டும்தான். நான் பொறுப்பு."

அவள் பெயரைச் சொன்னாள். எழுதினேன்.

பிறகொரு நாள் சேர் கொப்பியைக் கேட்டார். குழந்தைகளுக்குப் பால்மா கேட்டு விண்ணப்பிக்க ஒரு பிரதி எடுக்கவேண்டுமாம். கொடுத்தேன். அடுத்த நாளே திருப்பித் தந்துவிட்டார்.

நாலைந்து நாள் கழித்து, முற்பகல் பத்து மணியளவில், சீருடைக்காரர்கள் வந்து எல்லோரையும் மைதானத்தில் இருத்தினார்கள். தட்டச்சடித்த தாளிலிருந்து இளம் ஆண்களின் பெயர்களை வாசித்தார்கள். முதலாம் அறை, இரண்டாம் அறை என்று என் ஒழுங்கிலேயே வந்தது. மூன்றாம் அறையில் இருபத்துநாலு வயது என்று ஒருவரைக் கூப்பிட, தலை நரைத்த மனிதர் எழும்பினார். நாற்பத்திரண்டை நான்தான் கைதவறி மாற்றி எழுதியிருந்தேன். அது என் கொப்பியின் பிரதி என்று அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. நரைத்தவரை விட்டுவிட்டு ஆறு பேரை வாகனத்தில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஏழாம் அறைக்காரியின் மகன் நாலாவதாக ஏறினான். அவள் வாகனத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

நான் நேரே சேரிடம் போனேன். அவர் கதிரையில் கண்ணாடியைத் துடைத்தபடி இருந்தார்.

"நீங்களோ குடுத்தனீங்கள்?"

"ஓம். கேட்டவங்கள். குடுக்காட்டி முகாமை மூடிப்போடுவாங்கள். இவ்வளவு சனமும் எங்க போகும்? தலைமை எண்டா இப்படியும் முடிவெடுக்கத்தான் வேணும், பிள்ளை."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, சேர்."

"சொன்னா நீங்கள் கொப்பியைக் கிழிச்சிருப்பியள்."

அது உண்மை. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆர் குடுத்ததெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ. உங்களை எண்டா சனம் மன்னிக்கும். என்னிலை சந்தேகம் வந்தா எல்லாம் குழம்பிப்போகும்."

அப்பாவுக்காக அலைந்த அதே மனிதர்தான் இதைச் சொன்னார். எனக்கு அழுகைகூட வரவில்லை.

அடுத்த நாள் காலை கொட்டகையில் பெண்களிடம் நடந்ததை, சேர்தான் கொடுத்தார் என்பதையும் மறைக்காமல், சொன்னேன். கடைசியில் ஏழாம் அறைக்காரி மட்டும் சொன்னாள்: "எழுதினது நீங்கள்தானே, டீச்சர்."

அதன்பிறகு அவர்கள் என்னிடம் பெயர் சொல்லவில்லை. கொப்பியைக் குசினி அடுப்பில் போடச் சொன்னார்கள், போட்டேன். அறைக்கு எத்தனை கோப்பை சோறு என்ற எண்ணிக்கையை மட்டும் சமைப்பவர்களிடம் வாயால் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படியும் சாப்பாடு ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தது. பெயர்கள் முதலிலிருந்தே தேவைப்படவில்லை என்பதை நான் அப்போதுதான் கண்டேன். நான் தண்ணீர் வாளி சுமந்தேன்.

ஐந்து பேர் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அவள் மகன் வரவில்லை. சனங்கள் ஊருக்குத் திரும்பிய நாளில் அவள் பஸ்ஸில் ஏறும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். பானையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தாள்.

சில மாதங்களில் சேருக்கு ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். வகுப்பறைக்கொரு பெண் என்ற முறையை அவர் கொண்டுவந்ததாகப் பேசினார்கள். அவர் மறுக்கவில்லை. இரண்டாம் வரிசையில் இருந்த நான் எழும்பிப் போகவும் இல்லை. அதற்காக இன்றைக்கும் என்னை நானே நொந்துகொள்கிறேன்.

அடுத்த மழைக்காலத்தில் வீட்டுக்கு வந்தார். வேறோர் இடத்தில் முகாம் திறக்கிறார்களாம்.

"உங்கட முறைதான் சரி, பிள்ளை. வந்து ஒழுங்குபடுத்தித் தாங்கோ."

"ஏலாது, சேர்" என்றேன்.

அவர் குடையை விரித்துக்கொண்டு படலையைத் தாண்டும்வரை நான் உள்ளே போகவில்லை.