கடலில் தலைமுழுகியது யார்

எனக்கு எழுபத்தெட்டு வயது. வளர்த்தது ஏழு பேரை. ஊரார் கேட்டால் ஆறு என்பேன்.

மிச்சம் ஒன்று எங்கே போனது என்பதைத்தான் எழுத வந்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். பருத்தித்துறைச் சந்தையில் கால் கடுக்க இருந்து கருவாடு விற்று ஏழு பேரையும் ஆளாக்கியவள். எழுத்துக் கூட்டத் தெரியும். ஒருவருக்கும் தலைகுனியத் தெரியாது. பேத்தியின் பழைய கொப்பியில் மிஞ்சிய தாள்களில், ஒரு நாளைக்கு அரைப்பக்கம் என்று எழுதுகிறேன். எனக்கு அவசரமில்லை. அவசரமாக எழுதிய ஒருத்தியால்தான் இவ்வளவும் வந்தது.

ஏழாவது, கடைக்குட்டி. நாற்பது வயதில் பெற்றேன். மற்றப் பிள்ளைகள் அடித்தால் அழுவார்கள், இவன் சிரிப்பான். சிரித்த முகம் என்று நானும் மயங்கிப் போனேன். அதுதான் நான் செய்த பிழை. வேறு பிழை நான் செய்யவில்லை.

இருபத்தெட்டு வயதில், ஒரு பெண்பிள்ளைக்குத் தகப்பனாக இருந்தபோது, கரப்பந்து விளையாட்டில் ஒரு புள்ளிக்காகத் தன் கூட்டாளியோடு வாய்த்தர்க்கப்பட்டான். வாய்த்தர்க்கம் எல்லோருக்கும் வரும். இரண்டு நாள் பொறுத்து, இன்னும் இரண்டு பேரை மோட்டார்சைக்கிளில் கூட்டிக்கொண்டு, வாளோடு அந்தக் கூட்டாளியின் வீட்டு வாசலுக்குப் போனான். என் வீட்டில் சோறு தின்று, என்னை மாமி என்று கூப்பிட்டு வளர்ந்த பிள்ளை அந்தக் கூட்டாளி. வெட்டு விழப்போகிறது என்று கையை நீட்டித் தடுத்திருக்கிறான். வலக்கையில் பெருவிரலும் சின்னவிரலும் மிஞ்சின. நடுவில் இருந்த மூன்றும் போயின. கடலுக்குப் போகிறவன் வலை இழுப்பது அந்த மூன்றாலும்தான்.

செய்தி வந்தபோது நான் திருக்கைக் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கையைக்கூடக் கழுவாமல் கடலுக்கு நடந்தேன். நல்ல பகல். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மூன்று தரம் தலைமுழுகினேன். அந்த ஈரச்சீலையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தரையெல்லாம் தண்ணீர் வடிய, துடைப்பத்தோடு ஒருத்தி என் பின்னால் வந்தாள். கட்டிலில் கிடந்தவனுக்குக் கேட்கும்படி சொன்னேன்.

"தம்பி, நான் உவனைத் தலைமுழுகிட்டன். இண்டையிலிருந்து எனக்கு ஆறு பிள்ளையள்."

அவனுக்குக் கொடுக்க என்னிடம் அந்தச் சொல்லைத் தவிர வேறு ஒன்றும் இருக்கவில்லை. விரலை நான் எங்கே போய் வாங்கிக் கொடுப்பது?

வழக்கு முடிந்து என் மகன் மறியலுக்கு, சிறைக்கு, போனான். அவன் மனைவி பிள்ளையை என் வீட்டில் விட்டுவிட்டு வேறு கலியாணம் செய்துகொண்டு போனாள். பிள்ளையை நான் வளர்த்தேன். மறியலுக்குப் பிறகு அவனைத் திருத்துகிற இடம் ஒன்றில் வைத்துத் தச்சுவேலை பழக்கினார்கள். வெளியே வந்த அன்று, கையில் ஒரு சான்றிதழோடு என் வேலிப் படலையடிக்கு வந்தான். நான் எழுந்து போய் ஆமைப்பூட்டைக் கொழுவிப் பூட்டிவிட்டு வந்து வெங்காயம் உரித்தேன். இருட்டுப்படுமட்டும் நின்றுவிட்டுப் போனான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கதிரை மேசை செய்கிற ஒரு தளபாடக் கடையில் வேலை, அங்கேயே படுக்கை என்று பிறகு கேள்விப்பட்டேன். வெள்ளிக்கிழமைகளில் பின்னேர பஸ்ஸில் வருவான். படலைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவன் மகள். அரை மணித்தியாலம். அதை நான் தடுக்கவில்லை. அவனோடு கதைக்கவும் இல்லை.

இந்த நிலையில்தான் அந்த ஆராய்ச்சிக்காரி வந்தாள். தாய் தகப்பன் இந்தப் பக்கத்து ஆட்கள். பிள்ளை வெளிநாட்டில் பிறந்து வளர்ந்தது. குற்றம் செய்தவர்கள் திரும்பவும் அதே வழியில் போகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று பல்கலைக்கழகத்தில் தங்கி ஆராய்கிறாளாம். நல்ல வெள்ளையுடுப்பு. கருவாட்டு மணத்துக்கு மூக்கைச் சுளிக்கவில்லை, அது ஒன்று. வாசலில் கதிரை போட்டேன். ஒலிப்பதிவுக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, மகனை என்ன செய்தீங்கள்?"

"என்ன செய்யிறது பிள்ளை. அவனைத் தலைமுழுகிட்டன்."

அவள் முகம் விளக்கு ஏற்றியதுபோல் ஆனது. "தலை முழுக... தண்ணியிலையா?"

"கடலிலை."

"எல்லாரும் பார்த்தவையா?"

"ஊர் முழுக்கப் பார்த்தது. ஒளிச்சுச் செய்யிற வேலையே அது?"

"நீங்கள் அழுதீங்களா?"

"ஒரு சொட்டு அழேல்லை."

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண்தான் கலங்கியது. என் மானக்கேட்டை இந்தப் பிள்ளை எவ்வளவு விளங்கிக்கொண்டது என்று நினைத்து, போகும்போது அரை றாத்தல் நெத்தலிக் கருவாடும் கட்டிக் கொடுத்தேன். நினைக்க இப்போதும் வயிறு எரிகிறது. நல்ல நெத்தலி.

ஒன்றரை வருஷம் போயிருக்கும். ஒருநாள் காலை அந்தக் கூட்டாளி, விரல் போனவன், என் வாசலுக்கு வந்தான். பெருவிரலுக்கும் சின்னவிரலுக்கும் நடுவில் ஒரு புத்தகத்தைக் கவ்விப் பிடித்திருந்தான். ஆராய்ச்சிக்காரி ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் ஆக்கிப் போட்ட புத்தகம். அவன் உட்காரவில்லை.

"மாமி, வாசிக்கட்டே, இல்லாட்டி உங்களுக்குத் தெரியுமோ?"

வாசித்தான். வடகடற்கரைத் தாய் ஒருத்தி, மறியலில் இருந்து திரும்பிய மகனைக் கடலுக்குக் கூட்டிப்போய் ஊரறியத் தலைமுழுகவைத்துப் பழையதைக் கழுவி ஏற்றுக்கொண்டாளாம். அது இந்தக் கரையின் பழைய வழக்கமாம். திருத்துகிற திட்டங்கள் எல்லாவற்றிலும் அதைச் சேர்த்துக்கொள்ளவேண்டுமாம்.

"அண்டைக்கு ஒருக்கா உங்களுக்கு, பிறகு ஒருக்கா உவனுக்கு," என்றான். "கடலிலை தண்ணிக்கு என்ன பஞ்சம், மாமி?"

"தம்பி, அது பொய். அவள் விளங்காமல் எழுதிப்போட்டாள்."

"அவள் படிச்சவள். நீங்கள் மூண்டாம் வகுப்பு. ஆரை நம்புறது?" புத்தகத்தை என் காலடியில் போட்டான். போட்டானோ, பிடி நழுவியதோ, எனக்குத் தெரியாது. "அந்த ஈரச்சீலையை நினைச்சுத்தான் நான் இவ்வளவு காலமும் உவனை வெட்டாமல் விட்டனான். என்ரை விரல் திரும்பி வரேல்லை. உங்கடை மோன் மட்டும் வந்திட்டான்."

பதினைந்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைத் திருடி என்றிருந்தாலும் தாங்கியிருப்பேன். சொல் மாறினவள் என்றான்.

பிறகுதான் உச்சம். ஆராய்ச்சிக்காரி இரண்டு உத்தியோகத்தரையும் படம் பிடிக்கிற ஒருவரையும் கூட்டிக்கொண்டு என் வளவுக்கு வந்தாள். கூடவே என் மகன். கடல் கொந்தளிப்பாம், கிணற்றடியில் வைத்து அந்த முழுக்கைச் செய்து காட்டினால் போதுமாம். ஆட்களோடு வந்ததால் பூட்டைத் திறக்கவேண்டியதாயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம் அக்கம்பக்கத்தார் தலைகள். அதில் அந்தக் கூட்டாளியின் தலையும் இருந்தது.

நான் அவளைக் கிணற்றடிக்குத் தனியே கூப்பிட்டேன்.

"பிள்ளை, தலைமுழுகினன் எண்டால் செத்த வீட்டு முழுக்கு. அவனுக்கு நான் தண்ணி வாக்கேல்லை. அவன் செத்தவன் எண்டு நான் முழுகினனான். விளங்குதே?"

விளங்கியது. முகம் வெளிறிப் போனது. அப்போதுகூட அவள் தன் பிழைக்கு வருந்தினாள் என்று நான் நினைக்கவில்லை, புத்தகத்துக்குத்தான் வருந்தினாள்.

"அம்மா, மற்ற இடங்களிலையும் இதைச் செய்யத் தொடங்கிட்டாங்கள். நல்ல பலன் எண்டு சொல்லுகினம். இப்ப ஒருக்கா நீங்கள் ஊத்தினா... அது உண்மையாகிடும்தானே?"

"உன்ரை புத்தகத்தை மெய்யாக்கவோ நான் பிள்ளை பெத்தனான்?"

எல்லாம் என் மகனுக்குக் கேட்டது. அவன் சேட்டின் பொத்தான்களை அவிழ்த்துக் கழற்றிவிட்டுக் கிணற்றுக்கட்டுக்கு முன்னால் வந்து நின்றான். முதுகு மெலிந்துபோயிருந்தது. வெறுங்கால். கண்டதை எழுதுகிறேன், வேறொன்றுமில்லை. பேத்தி யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உள்ளை வர விடுங்கோ," என்றான். "பிள்ளையோடை இருக்கவேணும். வேறை ஒண்டும் வேண்டாம். அதுக்கு ஒரு செம்புத் தண்ணியெண்டால், தலையிலை ஊத்துங்கோவன்."

பத்து வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் அவனோடு வாய் திறந்தேன். வேலியில் நின்றவனுக்கும் கேட்கவேண்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"ஆம்பிளைக்கு மற்ற ஆக்கள் தலைக்குத் தண்ணி வாக்கிறது மூண்டு தரம். பிறந்தாப்போலை ஒண்டு. கலியாணத்தண்டைக்குப் பாலறுகு வைச்சு ஒண்டு. செத்தாப்போலை ஒண்டு. உனக்கு முதல் ரெண்டும் முடிஞ்சுது."

வேலியில் ஒருத்தி சிரித்தாள். படம் பிடிக்கிறவர் கருவியை இறக்கிவிட்டார். என் மகன் என்னைப் பார்த்தான். சின்ன வயதில் அடிவாங்கும்போது சிரிப்பானே, அதே சிரிப்பு.

"அப்ப மூண்டாவதை ஊத்துங்கோ," என்றான். "பிரேதத்தையெண்டாலும் குளிப்பாட்டி வீட்டுக்குள்ளைதானே கிடத்துவியள்."

கிணற்றுக்கட்டில் அவர்கள் நிரப்பி வைத்த செம்பு என் கையில் இருந்தது. அதை அவன் தலைக்கு மேலே தூக்கினேனா என்று கேட்டால், தூக்கினேன். ஊர் கண்டது, நான் மறைக்கமாட்டேன். வேலிப் பக்கம் பார்த்தேன். அந்தக் கூட்டாளி வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றான், இரண்டு விரலால். நான் திரும்பிப் போய்த் தண்ணீரை வாழையடியில் ஊற்றிவிட்டுச் செம்பைக் கவிழ்த்துவைத்தேன்.

என் மகன் சேட்டைப் போட்டுக்கொண்டான். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினான். ஆராய்ச்சிக்காரி என்னிடம், அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தைத் திருத்திவிடுவதாகச் சொன்னாள். எல்லோரும் போனபிறகு வேலிக்கப்பால் நின்றவன் ஒரு சொல்தான் சொன்னான். "சரி, மாமி." அடுத்த நாள் விளைமீன் ஒன்று வாசலில் வைத்திருந்தான். நானும் பேத்தியும் அதைத் தின்றோம். அவள் பாதியில் எழுந்து போனாள்.

அந்தப் புத்தகம் இரண்டாம் தரமும் அச்சாகிவிட்டது. பேத்தி வாசித்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் அப்படியேதான் இருக்கிறது. மனிதரைத் திருத்துவதற்குப் புத்தகம் எழுதியவளுக்குத் தன் புத்தகத்தைத் திருத்த நேரமில்லை. எங்கோ ஓரிடத்தில் ஏதோ ஒரு தாய், அதை நம்பி, தன் மகனுக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருப்பாள். அவன் திருந்தியும் விடுவான். அது அவர்கள் பாடு. என் பெயரில் வார்க்கவேண்டாம் என்றுதான் சொல்கிறேன். நான் வார்க்கவில்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. பின்னேர பஸ் வந்துவிட்டது. படலையடியில் செருப்புச் சத்தம் கேட்டு, பேத்தி எழும்பப் பார்க்கிறாள்.

"இரு பிள்ளை, போகலாம். முதல் இதை எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு. ஏழு பேர் எண்டு துவங்குற இடத்திலையிருந்து."

"அப்பா நிக்கிறார், அப்பம்மா. அவருக்கும் கேக்கும்."

"ஓம், தெரியும். எனக்குக் காது குறைவு. நல்லா உரத்து வாசி."