மாட்டுங்கா மைதானத்தில் ஸ்கோர் எழுதியவள்

மும்பைக்கு மாற்றல் வந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. அம்மா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவளைப் பார்த்துக்கொள்வதற்காகவே திருநெல்வேலியை விட்டு நகராமல், வந்த பதவி உயர்வை இரண்டு தடவை வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்றாம் தடவை மறுக்க என்னிடம் காரணம் இல்லை. கல்யாணம் ஆகாதவள், வீட்டில் காத்திருக்க யாரும் இல்லாதவள். இரண்டு பெட்டிகளோடு ரயில் ஏறினேன்.

மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஓர் அறையும் சமையலறையும் கிடைத்தன. மாட்டுங்காவில் தமிழிலேயே காலம் தள்ளிவிடலாம் என்று ஊரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். காய்கறிக்காரரிடமும் பூக்கடையிலும் தள்ளலாம்தான். அதற்கு மேல் பேச ஆள் வேண்டுமே. பக்கத்து வீட்டில் மூன்று தலைமுறையாக இருக்கும் பாலக்காட்டுக் குடும்பம். லிஃப்டில் பார்த்தால் "சௌக்கியமா?" என்று கேட்பார்கள். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் தரைத்தளம் வந்துவிடும்.

அலுவலகம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளை. மதியச் சாப்பாட்டு மேஜையில் இந்தியில் கிரிக்கெட் பேசுவார்கள். யாரோ ஒருவர் அவுட் ஆன விதத்தைப் பற்றி இரண்டு நாள் சண்டை நடக்கும். எனக்கு இந்தியும் அரைகுறை, கிரிக்கெட்டும் தெரியாது. டப்பாவைத் திறந்து, தின்று, மூடி வைப்பேன்.

எங்கள் வீட்டில் கிரிக்கெட் அண்ணன்களுடையது. டிவியில் ஆட்டம் நடக்கும்போது முறுக்குத் தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் எனக்கு அதில் பங்கு. ஒருநாள் மட்டும் நின்று கேட்டேன். பந்து ஸ்டம்பில் படவே இல்லை, யாரும் பிடிக்கவும் இல்லை, பிறகு ஏன் அந்த ஆள் வெளியே போகிறான்? "ஒனக்குச் சொன்னாப் புரியாது" என்றான் பெரிய அண்ணன். முப்பது வருஷமாக நான் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதம் மழை பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலைத் திறந்தேன். எதிரே மைதானத்தில், முழங்கால்வரை சேறு தெறிக்க, வெள்ளை உடுப்பு போட்ட ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நினைத்தேன். மழைக்காலத்தில் மட்டும் நடக்கும் போட்டிகள் இந்த நகரத்தில் உண்டென்று எனக்கு அப்போது தெரியாது. மூன்று வாரம் மேலிருந்தே பார்த்தேன். எதுவும் விளங்கவில்லை. ஆனால் காலையிலிருந்து மாலைவரை அங்கே மனிதர்கள் இருந்தார்கள். வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. நாலாவது வாரம் குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

மைதானத்து ஓரத்தில் தார்பாய் கட்டிய ஒரு பந்தல். அதன்கீழே என் வயதை ஒட்டிய ஒரு பெண் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெரிய எவர்சில்வர் தூக்குகள். என்னைப் பார்த்ததும் சுத்தமான நெல்லைத் தமிழில் கேட்டாள்:

"என்ன, மூணு வாரமா மேலயிருந்தே பாத்திய. இன்னைக்குத்தான் எறங்க மனசு வந்துச்சோ?"

"நான் தமிழ்ன்னு எப்படித் தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை ஜன்னல்ல நின்னு போன்ல அண்ணன்கூடப் பேசுவியள்லா. இங்கன வரைக்கும் கேக்கும். எங்க அம்மை பேசுதாப்பலயே இருக்கும்."

அவள் பிறந்தது தாராவியில். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்த அப்பா தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஊருக்கு இரண்டே தடவைதான் போயிருக்கிறாளாம். தமிழ் பேச வரும், வாசிக்கத்தான் தகராறு என்றாள். தாராவிப் பையன்களும் மாட்டுங்காப் பையன்களும் கலந்து ஆடும் இந்தக் கிளப்புக்கு ஞாயிறுதோறும் மதியச் சாப்பாடு அவள் பொறுப்பு.

பேசிக்கொண்டிருக்கும்போதே மைதானத்தில் ஒரு கூச்சல். மட்டை பிடித்தவன் தலையைத் தொங்கப்போட்டு நடந்து வந்தான். பந்து ஸ்டம்பில் பட்டிருக்கவில்லை. யாரும் பிடித்திருக்கவும் இல்லை. எனக்கு அண்ணனின் ஞாபகம் வந்தது. தயங்கித் தயங்கி அதே கேள்வியைக் கேட்டேன்.

"கால்ல பட்டுச்சுல்லா" என்றாள் கத்தியை நிறுத்தாமல். "காலு மட்டும் குறுக்க இல்லன்னா பந்து எங்க போயிருக்கும்? நேரா ஸ்டம்புக்கு. அதான் அவுட்டு. அம்பயரு மனசுக்குள்ள பந்த மேக்கொண்டு போகவிட்டுப் பாப்பாரு."

"அது வெறும் கற்பனைதானே?"

"ஆமா, கற்பனைதான். அதுக்கும் அவுட்டு உண்டு."

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனேன். சின்ன வயதில் தாராவிச் சந்தில் பையன்களோடு ரப்பர் பந்தில் ஆடியவள் அவள். இரண்டு கை விரித்தால் சுவர் இடிக்கும் சந்தாம். அதில் வேகமாகப் போட்டுப் பிரயோஜனம் இல்லை, பந்தைத் திருப்பத்தான் தெரியவேண்டும் என்றாள். ஒரு வெங்காயத்தை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து மணிக்கட்டைச் சொடுக்கிக் காட்டினாள். வெங்காயம் தரையில் விழுந்து சட்டென்று பக்கவாட்டில் ஓடியது. "வயசுக்கு வந்தப்புறம் ஆட விடல. அப்ப போட்ட பந்து எல்லாம் கையிலயே நின்னு போச்சு" என்று சிரித்தாள்.

ஜூலைக் கடைசியில் கிளப்பின் ஸ்கோர் எழுதுபவருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆனது. எழுத ஆள் இல்லாமல் கேப்டன் தவித்தபோது, அவள் கரண்டியை என் பக்கம் நீட்டினாள். "மேடம் லிகேகா, இவங்களே எழுதட்டும். ஆபீஸ்ல எழுதுதவங்கதான், நல்லா எழுதுவாங்க." நான் மறுப்பதற்குள் நீளமான புத்தகம் ஒன்று என் மடியில் வந்து விழுந்தது.

முதல் வாரம் அவள் என் பின்னால் நின்று சொல்லச் சொல்ல எழுதினேன். ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி. ஒரு ஓவர் முழுக்க ரன் இல்லையென்றால் ஆறு புள்ளிகளையும் இணைத்து 'எம்' என்று ஓர் ஆங்கில எழுத்து. மட்டையில் படாமல் எடுத்த ரன் ஆடியவன் கணக்கில் சேராது. பக்கத்து நாற்காலியில் எதிரணிக்காக எழுதும் ஒரு மராத்திக்காரர். ஓவர் முடிந்ததும் அவர் எண்ணைச் சொல்வார், நான் என் எண்ணைச் சொல்வேன், இரண்டும் ஒத்துப்போகும். சில ஞாயிறுகளில் அவளுக்குச் சமையல் வேலை மும்முரமாக இருக்கும்போது, நாள் முழுவதும் நான் பேசியது அந்த எண்கள் மட்டும்தான்.

அம்பயர் சைகை காட்டினால் ஸ்கோர் எழுதுபவர் கையை உயர்த்த வேண்டும். உயர்த்தும்வரை அவர் அடுத்த பந்தை வீச விடமாட்டார். மைதானத்து நடுவிலிருந்து ஒரு மனிதர் என் பக்கம் திரும்பி, நான் கை தூக்குவதற்காகக் காத்து நிற்பார். அந்த ஊரில் வேறு யாரும் எதற்காகவும் எனக்காகக் காத்திருந்ததில்லை. சில சமயம் வேண்டுமென்றே ஒரு நொடி தாமதித்துத் தூக்கினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்தது. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில், அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். வெள்ளைக்காரர்கள் ஆடுவதைப் பார்த்து இந்த நகரத்துப் பார்சிகள் முதலில் மட்டையைப் பிடித்ததும், அவர்கள் ஆடிய புல்வெளியை வெள்ளைக்காரர்களின் போலோக் குதிரைகள் மிதித்து நாசம் செய்ததும், அவர்கள் மனுமேல் மனு போட்டதும் அதில் இருந்தன. பிறகு இந்துக்கள், முஸ்லிம்கள் என்று மதத்துக்கு ஓர் அணி வைத்து ஆடியிருக்கிறார்கள்.

அதில் ஒரு பந்துவீச்சாளரைப் பற்றி இருந்தது. தோல் வேலை செய்யும் சாதியில் பிறந்தவர். வெள்ளைக்காரர்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து போட்டே சுழற்றக் கற்றுக்கொண்டவர். ஜெயிக்க வேண்டும் என்பதற்காக இந்துக்கள் அவரைத் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, அவருக்கு வெளியே மண் குவளையில் கொடுத்தார்கள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. மழைக்காக ஆட்டம் நின்றிருந்தது. தார்பாயின்கீழே நாங்கள் இருவர் மட்டும். படித்ததையெல்லாம் உற்சாகமாக அவளுக்குச் சொன்னேன். பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏக்கா, மண் குவளையில குடுத்தது வெள்ளக்காரனா, நம்ம ஆளுவளா?"

"நம்ம ஆளுங்கதான். அவரோட சொந்த டீம்."

"அவரு பந்து போட்டு ஜெயிச்சுக் குடுக்கணும். சேந்து உக்காந்து டீ குடிக்கப்பிடாது. அப்படித்தான?"

"ஆமா. எவ்வளவு பெரிய அநியாயம் பாருங்க."

அவள் கரண்டியைத் துடைத்து வைத்தாள். குரலில் கோபம் எதுவும் இல்லை.

"பின்ன நீங்க ஏன் எங்கையால ஒரு வாய் சாப்பிட மாட்டேங்கிய?"

முதல் வாரம் அவள் தட்டு நீட்டியபோது வயிறு சரியில்லை என்று சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் விரதம் என்றேன். மூன்றாம் வாரத்திலிருந்து என் டப்பாவை நானே கொண்டுவந்தேன். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. அப்போதும் "வயிறு..." என்று தொடங்கினேன்.

"ஸ்டேஷன் பக்கத்து ஓட்டல்ல காலையில இட்லி திங்கியள்லா. பூ வாங்க வரும்போது பாத்திருக்கேன்" என்றாள். பிறகு வெளியே எட்டிப் பார்த்து, "சரி, மழ விட்டுட்டு. போங்க, வெரசாப் போய் எழுதுங்க" என்றாள்.

அந்த ஓட்டலில் யார் மாவாட்டுகிறார்கள், யார் காபி கலக்கிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இவளுடைய அப்பா எந்தப் பட்டறையில் வேலை பார்த்தார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததுதான் காரணம். எங்கள் வீட்டில் யாரும் இதை எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரும் சொல்லாமலே என் கை தட்டை வாங்காமல் இருக்கக் கற்றிருந்தது. அன்று மாலை ஓவருக்கு ஓவர் என் எண் தப்பியது. பக்கத்து மராத்திக்காரர் தன் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அடுத்த ஞாயிறு டப்பா எடுக்காமல் போனேன். மைதானம் முழங்கால் ஆழம் தண்ணீர். ஆட்டம் ரத்து, அவளும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு யாரோ ஒரு ஆள் அட்டைப்பெட்டிகளில் புலாவ் கொண்டுவந்து இறக்கினார். கேப்டனிடம் கேட்டேன். தாணேயில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அங்கே போய்விட்டாள், இனி சமையலுக்கு வரமாட்டாள் என்றார். அவர் கொடுத்த நம்பர் வேலை செய்யவில்லை.

சனிக்கிழமை தாராவிக்குப் போனேன். மாட்டுங்காவிலிருந்து நடந்து போகும் தூரம்தான், ஆனால் அதுவரை நான் போனதில்லை. விசாரித்து விசாரித்து அந்தச் சந்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுப் பெண் உட்கார ஸ்டூல் போட்டாள். "நீங்கதான ஸ்கோர் எழுதுத அக்கா? ஒங்களப் பத்திச் சொல்லியிருக்கா" என்றாள். என்ன சொல்லியிருக்கிறாள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன். அதில் நான் பெருமைப்பட ஒன்றுமில்லை. புது நம்பரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டு வாரம் அந்த நம்பரை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். சொல்லவேண்டியதை மனதுக்குள் அமைத்துப் பார்ப்பேன், எப்படிச் சொன்னாலும் அது எனக்காகச் சொல்வதாகவே இருந்தது. செப்டம்பரில் கடைசி ஆட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து போன் செய்தேன்.

"நான்தான், மாட்டுங்கா மைதானத்துல..."

"தெரியுது, சொல்லுங்கக்கா."

"அன்னைக்கு நீங்க கேட்டது சரிதான். நான் வயிறுன்னு சொன்னது பொய். நான் உங்ககிட்ட..."

"அத விடுங்க" என்றாள். அவசரமில்லாத, ஆனால் தீர்மானமான குரல். "இன்னைக்குக் கடைசி மேட்ச்லா? யாரு ஜெயிச்சா?"

மடியில் இருந்த ஸ்கோர் புத்தகத்தைப் பிரித்தேன். பிறகு சொன்னேன். ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது பதினோரு ரன் தேவைப்பட்டதை, கடைசி ஆள் கண்ணை மூடிக்கொண்டு சுற்றியதை, பந்து ஸ்லிப்பில் நின்றவன் கையில் பட்டு நழுவியதை, மூன்று ரன்னில் தோற்றதை. நடுநடுவே அவள், "எந்தப் பக்கத்துலயிருந்து போட்டான்? சேறு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். அப்போது அவளுக்குப் பின்னால் குழந்தை அழுதது. "பிள்ள முழிச்சிட்டான், வச்சிருதேன்" என்று வைத்துவிட்டாள்.

நாற்காலிகளை அடுக்க ஆள் வந்தார். நான் எழுந்து வீட்டுக்கு நடந்தேன். படியேறும்போது பாலக்காட்டுக்காரர்கள் இறங்கி வந்தார்கள். சௌக்கியமா என்றார்கள், சௌக்கியம் என்றேன்.

இது நடந்து மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. இப்போதும் நான்தான் எழுதுகிறேன். கண் ஆபரேஷன் செய்துகொண்டவர் திரும்பவில்லை. அலுவலகத்துச் சாப்பாட்டு மேஜையில் அவர்கள் தப்பாகச் சொல்வது எனக்குத் தெரிகிறது, ஆனாலும் குறுக்கே பேசுவதில்லை. ஞாயிறு மாலை ஆட்டம் முடிந்ததும் தாணேக்குப் போன் செய்வேன். சில நாள் எடுப்பாள், சில நாள் எடுக்கமாட்டாள். எடுத்தால் ஆட்டத்தைக் கேட்பாள், பேரனின் சேட்டையைச் சொல்வாள். ஒரு தடவை வீட்டுக்கு வாங்க என்று மட்டும் இதுவரை சொன்னதில்லை. நானும் வரட்டுமா என்று கேட்டதில்லை.