பொட்டு வைத்த தொலைக்காட்சிகள்

எங்கள் ஒப்பந்தத்தின் ஐந்தாம் விதி இது: "சேகரிப்பு நிலையம் அனுப்பும் மின்னணுச் சாதனத்தை, உடைந்திருந்தாலும் துருப்பிடித்திருந்தாலும், பிரிப்பு ஆலை மறுக்கக் கூடாது." எழுதியவன் நான். அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் எழுதிய விதியில் ஓட்டை இருக்காது. இருந்தும் லாரி திரும்பி வந்தது.

ஏற்பாடு எளிமையானது. மலேசியாவில் பகாவ் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் சேரும் பழைய தொலைக்காட்சி, கணினி, வானொலிகளை எங்கள் கோயில் மண்டபத்தில் வைப்போம். சி ரூசா பக்கத்துக் குடியிருப்பாளர் சங்கம் கடற்கரை விடுதிகள் கழித்துப்போட்டதைச் சேர்க்கும். இரண்டையும் ஒரே லாரி, சாதனங்களை உடைத்துப் பிரிக்கும் செண்டாயான் ஆலைக்குக் கொண்டுபோகும். செலவு, அவற்றைச் செய்து விற்ற நிறுவனங்களுடையது. விற்றதோடு கைகழுவ முடியாது என்பதுதான் திட்டத்தின் சாரம். அதற்குமுன் செத்த தொலைக்காட்சிக்கெல்லாம் கல்லறை, செம்பனை மர வரிசைகளுக்கு நடுவே ஓடும் கால்வாய்தான்.

சேகரிப்பு நாளாக ஆயுத பூசையைக் குறித்தேன். வீட்டைத் துடைத்துக் கழுவும் நாளில்தானே வேண்டாத சாமான் வெளியே வரும்? வந்தது, மண்டபம் நிறைய. ஆனால் எங்கள் பெண்கள் எந்தப் பொருளையும் வெறும் நெற்றியோடு வாசல் தாண்ட விடுவதில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஒரு தொலைக்காட்சிக்கு மாலையும் கிடைத்தது. பணி ஓய்வின்போது எனக்குப் போட்டதைவிட நல்ல மாலை.

கார்த்திகைக் கடைசியில் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. மறுநாளே அத்தனையோடும் திரும்பி வந்து நின்றது. ஓட்டுநர் நம் தமிழ்ப் பையன்தான்.

"அண்ணே, அங்க ஒருத்தனும் கை வைக்க மாட்டேங்கறான். சாமி சாமான்னு பயப்படறாங்க. இன்னொருத்தர் கும்படற பொருள ஒடச்சி வம்புல மாட்டவான்னு சூப்பர்வைசர் கேக்கறாருலா."

மரியாதையால் மறுக்கப்பட்ட குப்பையை அன்றுதான் முதலில் பார்த்தேன். விதியில் துரு இருந்தது, உடைசல் இருந்தது, குங்குமம் இல்லை.

பெட்டிகள் மீண்டும் மண்டபத்தில் இறங்கின. மண்டபச் சாவி, பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்தும் பெண்மணியிடம் இருந்தது. தை பிறந்ததும் அவருடைய மகளுக்கு அதே மண்டபத்தில் நிச்சயதார்த்தம். பத்திரிகைகூடக் கொடுத்தாகிவிட்டது.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எங்கண்ணே உக்காருவாங்க? டிவி மேலயா?"

"ஈரத்துணியால தொடச்சிட்டா முடிஞ்சதும்மா. லாரி ஏத்திக்கும்."

"என்னாண்ணே பேசறீங்க! நிச்சயம் பண்ணப் போற எடத்துல நின்னுக்கிட்டு பொட்ட அழிக்கறதா? வேற ஆளப் பாருங்க."

"டிவிக்குப் புருஷன் கெடையாதும்மா."

"ஒங்களுக்கு எல்லாம் பகடிதான். இது எம் பொண்ணு வாழ்க்கைண்ணே."

 எனக்குச் செய்யத் தெரிந்ததைச் செய்தேன். பொட்டு வைத்த சாதனம் மின்னணுக் கழிவா, வழிபாட்டுப் பொருளா என்று விளக்கம் கேட்டு, தையில் மண்டபத்தில் நிச்சயதார்த்தம் இருப்பதையும் குறிப்பிட்டு, திட்டத்தை நடத்தும் மாவட்டங்களின் கூட்டுக் குழுவுக்கு எழுதினேன். நகல் ஆலைக்கு, நிறுவனங்களுக்கு. ஆலை, குழு சொல்லட்டும் என்றது. நிறுவனங்கள், ஆலை சொல்லட்டும் என்றன. குழு எதுவும் சொல்லவில்லை. மார்கழி பாதி ஓடிவிட்டது.

பதிலுக்குக் காத்திருப்பது நடைமுறை. பதில் வராது என்று அறிந்து வேலையை முடிப்பது அனுபவம். எங்கள் கோயிலில் திருவிழா முடிந்த மறுநாள் மஞ்சள் நீர் ஊற்றி விளையாடுவார்கள். நெற்றியில் இருப்பதெல்லாம் கரைந்து ஓடும். யாரும் அதை அபசகுனம் என்று சொன்னதில்லை. சாவி வைத்திருந்த அம்மணியிடம் போனேன்.

"தொடைக்க வேணாம்மா. மஞ்சத் தண்ணி விட்டு வழியனுப்பி வைப்போம்."

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "வழியனுப்பறதுன்னா சரிதான். பூசாரிய ஒரு வார்த்த கேட்டுக்கறேன். ஆமா, தண்ணி உள்ள போனா வெடிக்காதா?"

"செத்தது மறுபடி சாகாது. ஆனாலும் துணிய நனைச்சிப் புழிஞ்சி ஒத்தி எடுங்க."

பூசாரி தலையாட்டினார். மறுநாள் காலை பெண்கள் வாளிகளோடு வந்தார்கள். சூடம் காட்டி, குலவையிட்டு, பெட்டி பெட்டியாக ஒற்றியெடுத்தார்கள். முறைப்பெண் ஒருத்தி மிச்சத் தண்ணீரை என் வெள்ளைச் சட்டையில் ஊற்றினாள். அனுப்புச் சீட்டில் 'முன்சுத்திகரிப்பு முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

அன்று மாலை ஓட்டுநர் தொலைபேசியில் சிரித்தான். "இது என்னா மஞ்சளா இருக்குன்னு கேட்டாங்கண்ணே. மஞ்சத்தூள்லான்னு சொன்னேன். கறிக்கா டிவிக்கான்னு கேட்டுட்டு எறக்கிக்கிட்டாங்க."

தையில் மண்டபம் காலியாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து தட்டு மாற்றிக்கொண்டார்கள். அம்மணி எனக்கு இரண்டு முறை பாயசம் ஊற்றினார். அதை நன்றியறிவிப்புக் கடிதமாக ஏற்றுக்கொண்டேன். ஆவணியில் கல்யாணம். அடுத்த ஆயுத பூசைச் சேகரிப்பில் பெட்டிகளை விட்டுவிட்டு லாரிக்குப் பொட்டு வைத்தார்கள்.

கூட்டுக் குழுவின் பதில் கடைசியில் வந்தே விட்டது. பொட்டு வைத்த சாதனங்கள் மின்னணுக் கழிவே என்றும், நான் குறிப்பிட்ட நிச்சயதார்த்தத்துக்கு முன் அவற்றை அகற்ற ஆவன செய்யப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. அந்தப் பெண்ணும் அவள் கணவனும் தலைத் தீபாவளிக்குப் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று, தீபாவளிக்கு முதல் நாள், அது என் கைக்குக் கிடைத்தது.