மூன்று படி கீழே

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பாறசாலை சந்திப்பில் வேனிலிருந்து இறங்கி நிற்கிறவனிடம், "ராத்திரி பரிபாடி கெம்பீரமாக்கும், இல்லியா?" என்று கேட்கிறவர்களை ஓர் அடி அடிக்கச் சட்டத்தில் இடம் இருந்தால் நன்றாக இருக்கும். கெம்பீரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முதுகு வலி, வாயில் பரோட்டா எண்ணெய், காதுக்குள் இன்னும் அடங்காத டிரம் சத்தம். சாயாக்கடைக்காரர் கேட்பார், பேப்பர் போடுகிறவர் கேட்பார். எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருக்கிறேன். "ஓ, நல்லா இருந்து."

நான் கானமேளைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். திருவிழா மேடைகளில் சினிமாப் பாட்டுப் பாடும் குழுக்களுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர், கச்சேரிக்குப் பரிபாடி என்று பெயர். மார்கழி பாதியில் தொடங்கினால் சித்திரை முடிய உட்கார நேரமில்லை. இன்றைக்குப் பூவார், நாளைக்குக் கொல்லத்துக்கு அந்தப் பக்கம், அதற்கு மறுநாள் நாகர்கோவில் தாண்டி ஏதோ ஓர் அம்மன் கோயில். ஊர் பெயரைவிட அங்கே கழிப்பறை எப்படி இருந்தது என்பதுதான் ஞாபகத்தில் நிற்கும். முதல் பாட்டு அந்தந்தக் கோயில் சாமிமேல் இருக்க வேண்டும், அது முறை. நான் பழைய மிஷன் சபைக் குடும்பத்தில் பிறந்தவன். ஆனாலும் தேவி பாட்டு இருபதாவது கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பேன். எங்கள் ஊரில் அதை ஒரு விஷயமாக யாரும் பேசுவதில்லை. பேசினால், சனிக்கிழமை தேவிக்கு வாசித்த அதே கீபோர்டை ஞாயிற்றுக்கிழமை சபையில் வைத்து வாசிக்கிறேனே, அதையும் பேச வேண்டி வரும்.

மேடையில் எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. தலையாட்டுவது. பாடுகிறவர்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சனத்தைப் பார்த்து நிற்பார்கள். முன் இசை முடியும் நேரம் சட்டென்று திரும்பி என்னைப் பார்ப்பார்கள். சுருதி சரிதானா, இப்போது எடுக்கலாமா என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நான் தலையை ஆட்டினால் எடுப்பார்கள். உள்ளதைச் சொன்னால், சரியில்லாவிட்டாலும் ஆட்டத்தான் செய்வேன். பயந்துபோன பாட்டுக்காரியைவிட சுருதி பிசகிய பாட்டுக்காரி எவ்வளவோ மேல். அதோடு, தொடங்கின பாட்டு நடுவில் நிற்கக் கூடாது. கரண்ட் போனால்கூட டிரம்காரன் அடித்துக்கொண்டிருப்பான். இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒரு பாட்டையும் பாதியில் நிறுத்தியதில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலம் உண்டு.

என் மனைவிதான் எங்கள் வீட்டில் உண்மையான பாட்டுக்காரி. நான் பொத்தான் அமுக்குகிறவன், அவ்வளவுதான். சபைப் பாட்டுக் குழுவில் அவள் சத்தம் மற்ற பெண்களின் சத்தத்துக்கு மேலே ஒரு முழம் உயர்ந்து நிற்கும். முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கழுத்தில் தழும்பு, தொண்டையில் கரகரப்பு. சத்தம் திரும்பி வரும், ஆனால் பழையபடி வருமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவளுக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. வருகிறவர்கள், "எந்தா சேச்சி? கேள்க்கான் வய்யல்லோ" என்று மலையாளத்தில் காதை நீட்டுவார்களாம். விலையை விரலால் காட்டுவேன் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். பாட்டுக் குழுவிலிருந்து தானாகவே நின்றுகொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோரும் பாடும்போது வாயை மட்டும் அசைப்பாள். அதைக் கீபோர்டு பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே வாசிப்பேன்.

சீசனில் நாங்கள் ஒருவரையொருவர் பார்ப்பதே அபூர்வம். நான் சாயங்காலம் நான்கு மணிக்கு வண்டி ஏறுவேன், அவள் எட்டு மணிக்கு வீடு வருவாள். காலையில் அவள் புறப்படும்போது நான் பிணம் மாதிரி கிடப்பேன். மேசைமேல் மூடி வைத்த புட்டுதான் எங்கள் பேச்சுவார்த்தை. தை மாதத்தில் ஒரு நாள் அவளுக்கு லீவு, எனக்கும் பரிபாடி இல்லை. தூக்கம் கலைந்து கிடக்கிறேன். அடுக்களையில் தேங்காய் திருவுகிற சத்தத்தோடு சேர்ந்து ஒரு பழைய கீர்த்தனை கேட்டது. தாழ்ந்த, கனத்த சத்தம். அவளாகத்தான் இருக்க வேண்டும், வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் அப்படி ஒரு சத்தத்தை அவளிடம் நான் கேட்டதே இல்லை.

எழுந்து கீபோர்டை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அதில் ஒரு பொத்தான் உண்டு. விரல் வழக்கமான கட்டைகளையே தொடும். பொத்தானை அமுக்கினால் சுருதி மட்டும் படிப்படியாக ஏறும், இறங்கும். பெட்டியின் சின்னத் திரையில் எத்தனை படி என்று எண் தெரியும். ஒரு படி இறக்கினேன். அவள் பாடிப் பார்த்துத் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். இரண்டு படி. பிறகு மூன்று. மூன்றில் சத்தம் போய் உட்கார்ந்தது. சரணத்தில் உச்சி ஏறுகிற இடம்கூட உடையாமல் வந்தது.

"இது எனக்க சத்தமாக்குமா? ஆரோ ஆம்பள பாடுத மாதிரி இருக்கு" என்றாள். கண் நிறைந்திருந்தது.

"உனக்க சத்தந்தான். எடம் கொஞ்சம் மாறி இருக்கு."

திருவிய தேங்காயைக் கையில் வைத்தபடியே நின்றாள். பிறகு கேட்டாள். "ஸ்தோத்திரப் பண்டியலுக்கு நான் ஒத்தைக்குப் பாடட்டா? நீங்க வாசிச்சா பாடுதேன். வேற ஆரு வாசிச்சாலும் எனக்குத் தைரியம் வராது, கேட்டியளா. ஒறப்பா வருவியளா?"

"ஒறப்பு" என்றேன்.

ஸ்தோத்திரப் பண்டிகை என்றால் விளைந்ததில் முதல் பங்கைச் சபைக்குக் கொண்டுவருகிற ஞாயிறு. அதற்கு முந்தின நாள் தூரத்துப் பரிபாடி ஒன்று வந்தது, முடியாது என்று சொல்லிவிட்டேன். கள்ளிக்காட்டில் ஒன்று மட்டும் ஒத்துக்கொண்டேன், பக்கம்தானே என்று. ஏழு காலைகள் அவள் பஸ்ஸுக்குப் போவதற்கு முன் அரை மணி நேரம் பாடிப் பழகினோம். தூக்கத்தில் விரல் மறந்தாலும் பெட்டி மறக்காமல் இருக்கட்டும் என்று, அந்த மூன்று படி இறக்கத்தைக் கீபோர்டின் நினைவில் ஒன்றாம் நம்பர் பொத்தானில் பதிந்து வைத்தேன். எவ்வளவு புத்தி பாருங்கள் எனக்கு.

கள்ளிக்காட்டில் சனம் எழும்ப மாட்டேன் என்றது. ஒரே துள்ளல் பாட்டை மூன்று தடவை கேட்டார்கள். பாடுகிற பெண் திருவனந்தபுரத்துக்காரி, நல்ல பிள்ளை, தொண்டை அன்றைக்கு அவளுக்குத் திறந்து கிடந்தது. "சேட்டா, ரெண்டு கூட்டிக்கோ" என்றாள். இரண்டு படி கூட்டினேன். நடுவில் வேறு பாட்டு, மறுபடி அதே பாட்டு. ஒவ்வொரு தடவையும் தேடாமல் இருக்க அந்த இரண்டு படி ஏற்றத்தை ஏதோ ஒரு பொத்தானில் பதிந்துகொண்டேன். எந்தப் பொத்தான் என்று அப்போது நான் பார்க்கவில்லை. கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருந்தது எதுவோ அது.

திரும்பும் வழியில் ஊர்வலத்தில் மாட்டி, வீட்டுக்கு வரும்போது நான்கு தாண்டிவிட்டது. இரண்டு மணி நேரம் படுத்தேன். கண்ணைத் திறந்தபோது அவள் குளித்து, பட்டுச் சேலை உடுத்தி, கட்டங்காப்பியோடு நின்றாள். தழும்பு தெரியாமல் இருக்கக் கழுத்தை ஒட்டி ஒரு முத்துமாலை. "பாவம், முகமெல்லாம் வீங்கிக் கெடக்கு" என்றாள். ஸ்கூட்டரில் எனக்குப் பின்னால் கீபோர்டுப் பெட்டியைக் குறுக்கே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொல்லயில் ஊர் ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முனகலாகப் பல்லவியைப் பாடிக்கொண்டே வந்தாள்.

சபை நிறைந்திருந்தது. பலிபீடத்துக்கு முன்னால் வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, பலாச்சக்கை, தேங்காய்க் குவியல். ஆராதனை முடிந்து ஏலம் போடுவதற்காக யாரோ கொண்டுவந்த கோழி ஒன்றை வெளியே தூணில் கட்டிப் போட்டிருந்தார்கள். அது ஓயாமல் கொக்கரித்தது. போதகர் நல்ல மனுஷன்தான், ஆனால் முடிக்கத் தெரியாது. பிரசங்கத்தில் நான் இரண்டு தடவை தலை தொங்கி விழித்தேன். அவள் பெயரைக் கூப்பிட்டதும் திடுக்கிட்டு ஒன்றாம் நம்பரை அமுக்கி முன் இசையைத் தொடங்கினேன். திரையைப் பார்க்கவில்லை. பார்க்க ஒரு நொடி ஆகும். பார்க்கவில்லை.

மைக் முன்னால் நின்றவள் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள்.

இப்போது அந்தப் பார்வை எனக்கு அட்சரம் அட்சரமாகப் புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. பயம் என்று நினைத்தேன். எத்தனை பேருடைய பயத்தைப் பார்த்திருக்கிறேன்! தலையை ஆட்டினேன்.

அவள் எடுத்தாள். பல்லவி மெலிந்து, நூல் மாதிரி போயிற்று. என் காதுக்குள் சத்தம் விழுந்தது, மண்டைக்குப் போய்ச் சேரவில்லை. சரணத்தில் சுருதி ஏறத் தொடங்கியபோதுதான் திரையைப் பார்த்தேன். மூன்றுக்குப் பதில் இரண்டு. இறக்கத்துக்குப் பதில் ஏற்றம். அவள் பழகிய இடத்துக்கு ஐந்து படி மேலே ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். உச்சியில் அவள் சத்தம் உடைந்தது. கை கழுத்துக்குப் போயிற்று, மாலையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பாட்டு நிற்கக் கூடாதே! இருபத்திரண்டு வருஷப் பழக்கம் விரலை நிறுத்த விடவில்லை. அந்த வரிக்கே திரும்பி வாசித்து, இன்னொரு தடவை எடு என்று மறுபடியும் தலையை ஆட்டினேன். நான் ஆட்டினேன் என்பதற்காக, பாவி மகள், அவள் மறுபடி ஏறினாள். மறுபடி உடைந்தது. இந்தத் தடவை சத்தம்கூட இல்லை, காற்று மட்டும்.

கையை எடுத்துவிட்டேன். சபையில் மின்விசிறி ஓடுவதும் வெளியே கோழியும் மட்டும் கேட்டது. யாரோ இருமினார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போய் உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அப்போது அவளே, கீழே, தன்னுடைய இடத்தில், பல்லவியை எடுத்தாள். என் விரல் தானாக இறக்குகிற பொத்தானுக்குப் போயிற்று. கூடச் சேர்ந்துகொள்ளலாம், எனக்கு அது ஒரு வேலையா? அவள் திரும்பாமலேயே என் பக்கம் உள்ளங்கையைக் காட்டினாள். வேண்டாம் என்று.

நான்கு சரணத்தையும் தனியாகப் பாடி முடித்தாள். சொரசொரப்பான, கனத்த சத்தம், உச்சியில் எங்கும் உடையவில்லை. முன் வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் பாட்டுக் குழு மாஸ்டர் என்னிடம், "கருவிய நிறுத்திட்டு ஒத்தைக்குப் பாட வச்சது நல்ல ஐடியாவாக்கும்" என்றார். நான் ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டிக்கொண்டே எல்லாவற்றையும் விளக்கினேன். ஒன்றாம் நம்பர், கள்ளிக்காடு, துள்ளல் பாட்டு, கட்டைவிரல். அவள் பெட்டியை மடியில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு வந்தாள்.

"நான் திரும்பிப் பாத்தேம்லா" என்றாள்.

"ஓ, பாத்தே."

"பொறவு எதுக்குத் தலைய ஆட்டினிய?"

ஒரு குழியைச் சுற்றி வண்டியை ஒடித்தேன். வீட்டில் சோறு போட்டாள், மீன் கறி ஊற்றினாள், கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. நான் படுத்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு, "அடுத்த ஞாயிறு நீங்க வரண்டாம். ஒறங்குங்க. பரிபாடி கழிஞ்சு வந்து எதுக்கு இந்தப் பாடு?" என்றாள். கரிசனத்தோடுதான் சொன்னாள். எனக்கோ கன்னத்தில் அடித்த மாதிரி இருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உறங்குகிறேன். ஊரார் கேட்டால் சீசன் அலுப்பு என்கிறேன், பொய்யும் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு அவள் பாடுகிறாள், கருவி எதுவும் இல்லாமல். போன வாரம் பாட்டுக் குழு மாஸ்டரைச் சந்திப்பில் பார்த்தேன். நான் வேனிலிருந்து இறங்கி நிற்கிறேன், அவர் பால் வாங்க வந்திருந்தார். "உமக்க வீட்டுக்காரிக்கு இப்பம் என்ன தைரியம் தெரியுமா, மக்கா?" என்று என் தோளைத் தட்டினார். "பாட்டு எடுக்கதுக்கு முன்னால இப்பம் ஒருத்தரையும் திரும்பிப் பாக்கது இல்ல!"

"ஓ" என்றேன். "நல்லா இருந்து."