பாதியில் நிற்கும் பாட்டு

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், புதுச்சேரி சாரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது.

நான் வீட்டிலேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித் தருகிறேன். பியானோ என்றதும் சினிமாவில் வருகிற பெரிய கறுப்புப் பெட்டியை நினைத்துவிடாதீர்கள். கரண்டில் ஓடுகிற டிஜிட்டல் பியானோதான். முன் அறையில் சோபாவை ஓரங்கட்டிவிட்டு அதைப் போட்டிருக்கிறேன். பிறவியிலேயே நான் கவலைப்படுகிற ரகம். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள். என் வீட்டுக்காரர் எனக்குக் 'கவலைக் கம்பெனி' என்றே பேர் வைத்திருக்கிறார். அதனால் என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. பிள்ளையை யார் கொண்டுவந்து விட்டார்களோ அவர்கள்தான் திரும்ப வந்து கூட்டிப்போக வேண்டும். வேறு யாரையாவது அனுப்புவதானால் எனக்கு முன்கூட்டியே போன் வர வேண்டும். சில அம்மாக்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

அந்த வருடம் ஆடியில் ஒரு சின்னப் பெண் சேர்ந்தாள். இரண்டாம் வகுப்பு. வீடு உப்பளத்தில். அப்பாவுக்கு வெளிநாட்டில் வேலை, அம்மாவுக்கு ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிற வேலை. அம்மாதான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார், கூட்டிப்போவார். அந்தப் பெண் வீட்டில் ஒரு சின்ன கீபோர்டில் தினமும் வாசித்துப் பழகுவாள். அதிலும் ஒரு சிக்கல். வரிசை வீடுகள் என்பதால் பக்கத்து வீட்டுக்கும் இவர்களுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவருக்கு ராத்திரி ஷிப்ட், பகலில் தூங்குகிறவர். இவள் வாசிக்க ஆரம்பித்ததும் அந்தப் பக்கத்திலிருந்து டொம் டொம் என்று சுவரைத் தட்டுவாராம். அவள் அம்மாவுக்கு ஒரே எரிச்சல். முகத்தைக்கூட ஒழுங்காகப் பார்த்தது கிடையாது, எங்கள் சண்டையெல்லாம் சுவர் வழியாகத்தான் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அப்போது அவளுக்கு ஒரு எளிய பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மொத்தமே நாலு வரி. இரண்டாவது வரியின் முடிவில் விரல் பியானோவில் ஒரு கட்டை மேலே ஏற வேண்டும். அவளுக்குக் கீழே இறங்கிவிடும். தப்பு என்று தெரிந்ததும் நின்றுவிடுவாள். அந்தத் தப்புக் கட்டையையே இரண்டு தரம் அழுத்திப் பார்ப்பாள், அழுத்த அழுத்த அது சரியாகிவிடும் என்கிற மாதிரி. பிறகு பாட்டை முதலிலிருந்து ஆரம்பிப்பாள். தடுக்குகிற இடத்தை மட்டும் திருப்பித் திருப்பி வாசி, முதலுக்குப் போகாதே என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்கமாட்டாள். வாரக்கணக்கில் நானும் அந்த ஒற்றைக் கட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

சம்பவம் நடந்த அன்று அவளை விட்டுவிட்டு அம்மா கிளம்பும்போது தூறல்தான். அவள் புத்தகத்தைப் பிரித்து உட்கார்ந்தாள். ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை, கரண்ட் போய்விட்டது. கரண்ட் இல்லாவிட்டால் என் பியானோ வெறும் மேசைதான். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு மழை. தெரு ஆறாக ஓடியது, எதிர்வீட்டுச் சுவர்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. மற்ற பிள்ளைகள் யாரும் அன்றைக்கு வரவில்லை. என் வீட்டுக்காரரோ விழுப்புரத்தில் மாட்டிக்கொண்டார். எமர்ஜென்சி லைட்டைப் போட்டுவிட்டு, அவளும் நானும் மேசைமேல் விரல்களை வைத்துச் சும்மா தட்டிப் பழகினோம்.

ஆறு மணிக்கு வர வேண்டிய அம்மா ஆறரை ஆகியும் வரவில்லை. போன் பண்ணினேன். சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. மறுபடியும் பண்ணினேன், அதே பதில். அதற்கப்புறம் என் போனிலும் சிக்னல் செத்துப்போனது. அந்தப் பெண் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே அம்மா எப்போ வருவாங்க மிஸ் என்று கேட்டாள். இதோ வந்துடுவாங்க என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் வீட்டில் வேறு யாருடைய எண்ணையும் நான் வாங்கி வைத்திருக்கவில்லை. வாய்க்கு வாய் சட்டம் பேசுகிறவளுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

ஏழு மணி இருக்கும். கேட்டருகில் ஒரு பைக் வந்து நின்றது. ரெயின்கோட், ஹெல்மெட், முகம் தெரியாத ஓர் ஆள். மேடம், மேடம் என்று கூப்பிட்டுக் கேட்டை ஆட்டினார். கேட் பூட்டியிருந்தது. நான் வாசற்படியிலேயே நின்று என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"பாப்பாவோட அம்மா வண்டியில வழுக்கி வுழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரில இருக்காங்க. பாப்பாவக் கூட்டியாரச் சொன்னாங்க" என்றார்.

உன் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், என்னோடு வா என்று யாராவது சொன்னால் போகாதே என்று நாம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறோம். அந்த வார்த்தைகளையே இந்த ஆள் அப்படியே சொல்கிறார். நீங்கள் யார் என்றேன். பக்கத்து வீடு என்றார். ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார். நாற்பது வயது இருக்கும், நரைத்த தாடி. கதவிடுக்கில் எட்டிப் பார்த்த பெண்ணிடம் இவரைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்று தலையாட்டிவிட்டு என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

சரி, பாப்பா பேர் என்ன சொல்லுங்கள் என்றேன். தெரியாது என்றார். அம்மா பேராவது சொல்லுங்கள் என்றேன். அதுவும் தெரியாது என்றார். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பேர்கூடவா தெரியாது என்று என் குரல் உயர்ந்துவிட்டது. எதிர்வீட்டில் வெளிச்சமே இல்லை. நான் கத்தினால் அந்த மழையில் யாருக்கும் கேட்காது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அவருக்கும் கோபம் வந்துவிட்டது. வேலைக்குக் கிளம்பி வரும்போது அவர்கள் தெருமுனையில் பள்ளத்தில் வண்டியோடு கிடந்தவரைப் பார்த்து, தூக்கி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாராம். அந்த அம்மாவின் போன் தண்ணீரில் போய்விட்டது, என் எண்ணும் அதோடு போயிற்று. வலியில் அவர் என் வீட்டு அடையாளத்தை மட்டும் சொல்லி அனுப்பினாராம். தன் போனை எடுத்து என் பக்கம் நீட்டிக் காட்டினார். அதிலும் சிக்னல் இல்லை. எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல வருகிறவனும் இப்படித்தானே பொருத்தமாகச் சொல்வான்?

கேட்டைத் திறக்க முடியாது, போலீஸைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். திறந்து அனுப்பி அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வேன்? திறக்காமல் விட்டு அங்கே ஒரு தாய் நிஜமாகவே வலியோடு பிள்ளையை எதிர்பார்த்துக் கிடந்தால்?

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டே எரிச்சலோடு சொன்னார். "பேரு தெரியாது மேடம். சத்தம்தான் தெரியும். டெய்லி சாயங்காலம் என்னைத் தூங்க வுடாம பண்ணுதே, அந்தப் பாட்டு." சொல்லிவிட்டு, அந்த மழையில் நின்றபடி, தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தார். ல, ல, லா என்று.

பாட்டு என்னவோ கட்டைக் குரலில்தான் வந்தது. ஆனால் முதல் வரி அப்படியே இருந்தது. இரண்டாவது வரி முடிகிற இடத்தில் மேலே போக வேண்டியது கீழே இறங்கியது. நின்றார். அந்தத் தப்பையே இரண்டு தரம் பாடினார். "இங்க நின்னுடும். அப்புறம் 'சாரி மிஸ்'னு ஒரு குரல் வரும். மறுபடியும் மொதல்லேர்ந்து" என்றார்.

என் பின்னாலிருந்து அந்தப் பெண், "மிஸ், இவர்தான் செவுத்த தட்டுறவர்" என்றாள்.

அப்போதும் உடனே கேட்டைத் திறந்துவிடவில்லை. கவலைக் கம்பெனி அல்லவா? வாசலில் நின்று ஒட்டுக் கேட்டிருப்பாரோ என்று யோசித்தேன். இன்றைக்குக் கரண்ட் இல்லை, அவள் வாசிக்கவே இல்லை. போன வாரங்களில் தெருவில் நின்று கேட்டிருப்பாரோ? ஆனால் 'சாரி மிஸ்' என்று என் முன்னால் அவள் சொன்னதே கிடையாது. தப்பு வந்தால் என் முகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். நீ வீட்டில் அப்படிச் சொல்வாயா என்று அவளைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் என்றாள். நான் இல்லாத வீட்டில், ஆளில்லாத அறையில் அந்தக் குழந்தை என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

கேட்டைத் திறந்தேன். ஆனால் குழந்தையை அவருடன் அனுப்பவில்லை. நீங்கள் முன்னால் போங்கள், நான் என் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். அவர் பைக்கைத் திருப்பி நிறுத்தினார். என் ரெயின்கோட்டுக்குள் அவளை அணைத்து முன்னால் நிறுத்திக்கொண்டு, அவர் பைக்கின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் வேறெங்காவது திரும்பினால் பெட்ரோல் பங்குக்குள் நுழைந்துவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

பாதி தூரத்தில் அவர் பெரிய ரோட்டை விட்டு இருட்டான ஒரு சந்துக்குள் திரும்பினார். பிரேக்கைப் பிடித்து அப்படியே நின்றேன். ஏன் நின்னுட்டீங்க மிஸ் என்றாள் அவள். வண்டியைத் திருப்பப் பார்த்தேன், ஆஃப் ஆகிவிட்டது. அவர் பைக்கை நிறுத்திவிட்டு நடந்தே திரும்பி வந்தார். அந்தப் பக்கம் முட்டியளவு தண்ணி நிக்குது மேடம், உங்க வண்டி தாங்காது என்றார். உற்றுப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி ஒரு கார் தண்ணீரில் அணைந்துபோய் நின்றுகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவின் ஓரத்தில் ஒரு கட்டிலில் அந்த அம்மா படுத்திருந்தார். கணுக்கால் உடைந்து கட்டுப் போட்டிருந்தார்கள். மகளைப் பார்த்ததும் எழப் பார்த்து, வலி தாங்காமல் படுத்துவிட்டு, கையை மட்டும் நீட்டினார். அவள் ஓடிப்போய் அந்தக் கையில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு நேரமும் அழாமல் இருந்ததே பெரிய விஷயம்.

பக்கத்து வீட்டுக்காரர் கதவருகே சொட்டச் சொட்ட நின்றிருந்தார். அன்றைய ஷிப்டுக்கு இனி உள்ளே விடமாட்டார்களாம். அவரிடம் போய், சாரிங்க, உங்களை ரொம்ப நேரம் மழையில் நிற்க வைத்துவிட்டேன் என்றேன். அவர் முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தார்.

"எனக்குப் பழக்கம்தான் மேடம் இந்த வார்த்த" என்றார், அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே.

இரண்டு மாதம் கழித்து அவள் மறுபடியும் வகுப்புக்கு வந்தாள். அதற்குள் இரண்டு வீட்டுக்காரர்களும் பேசி, அவர் எழுந்து காபி குடிக்கிற நேரத்தை வாசிக்கிற நேரமாக மாற்றிக்கொண்டார்களாம். தை பிறந்ததும் ஒரு நாள் அந்தக் கட்டை ஒழுங்காக மேலே ஏறிவிட்டது. அவள் கைதட்டிக் குதித்தாள். நானும் தட்டினேன், ஆனால் எனக்கு ஏனோ கொஞ்சம் வெறிச்சென்று இருந்தது. நான் நினைத்தபடி ஐப்பசிக்கு முன்பே அதைத் திருத்தியிருந்தால், அன்று கேட்டுக்கு வெளியே நின்ற மனிதருக்கு என் முன்னால் பாடிக் காட்ட என்ன இருந்திருக்கும்?

என் சட்டத்தை நான் மாற்றவில்லை. இன்னும் இரண்டு எண்கள் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்கிறேன். மழை நாளில் வகுப்பு முடிகிற நேரமானால் கண் தானாகக் கேட்டுக்குப் போகிறது. ஒரு நல்ல மனிதரை அன்று வெளியே நிறுத்தியதற்கு வெட்கப்படுவதா, நிறுத்தியதுதான் சரியா என்று எனக்கு இன்றைக்கும் முழுதாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு பிள்ளை தடுமாறி நின்று என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், யாருமில்லாத அறையில் ஒலித்த அந்த 'சாரி மிஸ்' என் காதில் கேட்கிறது. பரவாயில்லை, இன்னொரு தரம் முதலிலிருந்தே வாசி என்று சொல்லிவிடுகிறேன்.