இன்னொரு கால்

கோழி வேகிற வாசனை வந்தால் மற்றவர்களுக்குப் பசிக்கும். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்திருந்த காலத்து ஒரு சாயங்காலம் இன்னும் என்னை விட்டபாடில்லை.

சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. பரணில் என் அண்ணன் ஒளிந்திருந்தான். சயாமில் ரயில் பாதை போட இளவட்டங்களைப் பிடித்துக்கொண்டு போன நேரம் அது. ஜொகூரில் தோட்ட வேலைக்குப் போய்விட்டான் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தோம். மரவள்ளிக்கிழங்கையே தின்று அவன் பாதங்கள் வீங்கிவிட்டன. பார்த்துப் பொறுக்காமல், முட்டைக்காக வைத்திருந்த ஒரே கோழியை அம்மா அறுத்துவிட்டாள்.

தாளித்தால் தெருவே மோப்பம் பிடிக்கும். அதனால் கோழி, கிழங்கு, இஞ்சி, தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு, மரவள்ளி மாவைப் பிசைந்து மூடியைச் சுற்றி ஒட்டினாள். மூடிமேல் தணல். இருட்டியதும் அண்ணனை இறக்கி, நாலு பேருமாக உட்கார்ந்து சாப்பிடுவதாக ஏற்பாடு. மாவில் எங்கே வெடிப்பு விடுகிறதோ என்று நான் அடுப்படியை விட்டு நகரவில்லை.

சட்டியைத் திறந்ததும், பழக்கதோஷம், அம்மா அண்ணனுக்கென்று ஒரு காலை எடுத்துக் கிண்ணத்தில் போட்டு மூடிவைத்தாள். எங்கள் வீட்டில் கோழிக்கால் ஒன்று அப்பாவுக்கு, ஒன்று அண்ணனுக்கு. கழுத்தும் இறக்கையும் எனக்கு. அண்ணனைக் கூப்பிட அப்பா எழுந்தார். அப்போது கதவு தட்டுகிற சத்தம்.

எங்கள் வரிசை வீடுகளுக்குத் தலைவர் என்று ஜப்பான்காரன் நியமித்திருந்த மனிதர். தமிழர்தான். எந்த வீட்டில் எத்தனை பேர் என்று மேலே சொல்லவேண்டியது அவர் வேலை.

"வாசனை ஆளைத் தூக்குதே!" என்றபடி உள்ளே வந்துவிட்டார்.

"வாங்கண்ணே, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க," என்றார் அப்பா. வேறென்ன சொல்ல முடியும்? அப்பாவுக்கு இருந்த காலை அம்மா விருந்தாளியின் தட்டில் வைத்தாள்.

அவர் அப்பாவின் தட்டைப் பார்த்தார். பிறகு மூடியிருந்த கிண்ணத்தைப் பார்த்தார்.

"இன்னொரு கால் யாருக்கு தங்கச்சி?"

அம்மா கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்தினாள். பரணில் பலகை லேசாக முனகியதுபோல் இருந்தது. என் பிரமையாகவும் இருக்கலாம்.

"எனக்கு," என்றேன்.

"உனக்கா! பொம்பளப் பிள்ளைக்குக் கால் எடுத்து வைக்கிற வீட்ட இப்பதான் பாக்குறேன். சாப்பிடு பாப்பா."

எங்கள் சனத்தில் பிறந்த யாரும் நம்பாத பொய்யைத் தேர்ந்தெடுத்துச் சொல்லியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து நான் ஏங்கிய கோழிக்கால். அவர் பார்க்கப் பார்க்கக் கடித்தேன். மண்ணைத் தின்பதுபோல் இருந்தது. தலைக்குமேல் அண்ணன் பசியோடு கேட்டுக்கொண்டிருக்கிறானே என்று கண்ணில் நீர் முட்டியது.

"காரமா?" என்றார். தலையாட்டினேன்.

கிழங்கையும் குழம்பையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். வாசலில் நின்று அப்பாவிடம், "நாளைக்குக் காலையில வீடு வீடா பாக்க வருவாங்க. பரணெல்லாம் ஏறிப் பாப்பாங்களாம். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்," என்றார். போய்விட்டார்.

அவர் தட்டில் கோழிக்கால் வைத்தது வைத்தபடி இருந்தது. குழம்புகூட அதன்மேல் படாமல் ஓரமாக ஒதுக்கியிருந்தார்.

அடுத்தவர் எச்சில் பட்டால் பாத்திரத்தைச் சாம்பல் போட்டு இரண்டு தடவை தேய்ப்பவள் என் அம்மா. அந்தத் தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

"சீக்கிரம் சாப்பிடுய்யா," என்றாள். "இப்பவே கிளம்பணும்."